கைக்குக் கை தராத கத்தி

“…கையில தராதையும் தம்பி, உந்தக் கவுண்டர் கண்ணாடிக்கு மேல வையும். கத்தியைக் கைக்குக் கை மாத்தினால் குடுத்தவருக்கும் வாங்கினவருக்கும் சண்டை வரும்” என்று அம்மா சொன்னதும், கடைக்காரப் பொடியன் கத்தியை நீட்டியபடியே சிலை மாதிரி நின்றுவிட்டான். அவனுக்கும் அம்மாவுக்கும் சண்டை வருவதற்கு நியாயம் ஒன்றும் இல்லை. ஒருவரையொருவர் கண்டே கொஞ்ச நேரம்தான் ஆகியிருந்தது.

பொடியன் எங்கட ஆள்தான். இங்கே கனடாவில் பிறந்து வளர்ந்தவன். பாதித் தமிழும் பாதி இங்கிலிஷுமாக, இரண்டையும் ஒரே வாயில் போட்டு மென்று கதைப்பான்.

“சொறி அன்ரி, கவுண்டரில வைக்க அலவ்ட் இல்லை. கடை ரூல். ஹாண்டில் பக்கத்தை உங்கட கையிலதான் தரோணும். கீழ வைச்சால் ஆரும் தட்டிவிட்டு, காலில விழுந்திடும்.”

“உது உங்கட கடைச் சட்டம். நான் சொல்லுறது அதுக்கு முந்தின சட்டம்” என்றார் அம்மா.

பாவம் அவன். பின்னால் மனேஜர் நிற்கிறாரா என்று ஒருக்கால் எட்டிப் பார்த்துவிட்டு, கத்தியைக் கண்ணாடிமேல் வைத்து, சுடுசட்டியில் கை பட்டவன் மாதிரிச் சடாரென்று கையை எடுத்துக்கொண்டான். அதற்குப் பிறகுதான் அம்மா அதைத் தூக்கினார். அன்று பார்த்த கத்தி எல்லாம் அப்படித்தான் கை மாறின. அவன் வைக்க அம்மா எடுக்க, அம்மா வைக்க அவன் எடுக்க, பார்க்கிறவர்களுக்கு ஏதோ பூசை நடக்கிற மாதிரி இருந்திருக்கும்.

ஒரு சட்டம் கையில் கொடு என்கிறது, மற்றச் சட்டம் கையில் கொடாதே என்கிறது. எட்டு வயதில் இது லேசாக விளங்குகிற விஷயம் இல்லை. ஆனால் அந்த நாட்களில் எனக்கு விளங்காத விஷயங்களை வரிசையில் நிற்க விட்டால், இது கடைசி ஆளாகத்தான் நிற்கும். முன்னுக்கு நின்றது, நாங்கள் ஏன் அந்தக் கடைக்குப் போனோம் என்பது.

கத்தி சித்திக்கு. அம்மாவின் ஒரே தங்கச்சி. ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கீழே, பேஸ்மென்றில்தான் இருந்தார். இரண்டு பேரும் விடிந்தால் பொழுதுபட்டால் சண்டை. ஹீற்றரைக் கூட்டியது ஆர், குளியலறைத் தண்ணி போகிற ஓட்டையில் கிடக்கிற தலைமயிர் ஆருடையது, நேற்று மிஞ்சிய சம்பலை முடித்தது ஆர். “உவையின்ர சண்டைதான் எங்கட வீட்டு ரேடியோ. பாடுற வரைக்கும் பயம் இல்லை” என்று அப்பா சொல்லுவார். சண்டை முடிந்ததும் இரண்டு பேரும் ஒரே தட்டில் சோற்றைக் குழைத்து, எனக்கும் ஒரு உருண்டை தந்து, சாப்பிட்டு முடிப்பார்கள்.

பிறகு ஒரு நாள் ரேடியோ நின்றது.

விட்பியில் இருந்து சித்தியைப் பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்திருந்தது. அம்மா விடியவே எழும்பி வடை சுட்டிருந்தார். மாப்பிள்ளையின் தாய் சும்மா ஒரு பேச்சுக்கு, “சமருக்கு என்ன பிளான் பிள்ளை?” என்று கேட்டார். சித்தியும் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னது மாதிரித்தான் சொன்னார்: “வடக்கில காட்டில மரம் நடுற வேலைக்குப் போறன் அன்ரி. கோடை முழுக்கக் கூடாரத்திலதான் இருப்பன்.” அந்த அன்ரி கடித்த வடையைத் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

அவர்களுடைய கார் தெரு முனை திரும்ப முதல், அம்மா சித்தியிடம் “இனி உன்னோட எனக்குக் கதை இல்லை” என்றார். சித்தி “சரி” என்றார். அவ்வளவுதான். மரம் நடுவது நல்ல காரியம் என்று பள்ளிக்கூடத்தில் எங்களுக்குப் படம் கீறக்கூடத் தந்திருந்தார்கள். அதற்கு ஏன் ஒரு ஆள் வடையை வைக்கோணும், அதற்கு ஏன் இன்னொரு ஆள் கதையை நிப்பாட்டோணும் என்று நான் நிறைய யோசித்தேன். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டின் தபால்காரி ஆனேன்.

“பிள்ளை, சித்தியிட்டச் சொல்லு, சோறு ஆறுது.”

சித்தி அம்மாவுக்குப் பக்கத்திலேயே நிற்பார். நான் திரும்பி, “சித்தி, சோறு ஆறுதாம்” என்பேன்.

“அம்மாட்டச் சொல்லு, கேட்டுது எண்டு.”

நான் மற்றப் பக்கம் திரும்புவேன். “அம்மா, கேட்டுதாம்.”

ஒரு சொல் பிழைத்தாலும் என்னால்தான் சண்டை பெருக்கும் என்று பயந்து, எதையும் கூட்டாமல் குறைக்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். சித்தி போகிற நாள் கிட்டக் கிட்ட எனக்குள் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது. வான் வண்டி வந்து சித்தியை ஏற்றிப்போக முதல் இவர்கள் இரண்டு பேரும் ஒருக்கால் நேருக்கு நேர் கதைத்துவிட வேண்டும். கதைக்காமல் போனால் பிறகு வழியே இல்லை; காட்டுக்குள் ஃபோனும் எடுக்காது என்று சித்தி சொல்லியிருந்தார். தபால்காரியாலும் அவ்வளவு தூரம் போக ஏலாது.

இந்த நேரத்தில்தான் கத்திக் கதை வந்தது. மடக்குக் கத்தி காட்டுக்குச் சரிவராது, மடியாத பெரிய கத்தி ஒன்று கட்டாயம் வேண்டும் என்று கூடப் போகிற சிநேகிதி சொல்லியிருக்கிறாள். சித்தி அதை ஃபோனில் திருப்பிச் சொன்னது அம்மாவின் காதில் விழுந்துவிட்டது. உடனே எனக்கு வேலை வந்தது.

“சித்தியிட்டச் சொல்லு, தனியப் போய்க் கண்ட நிண்ட கத்தியை வாங்க வேண்டாம் எண்டு. சனிக்கிழமை நானும் வாறன்.”

“அம்மாட்டச் சொல்லு, எனக்குக் கண் இருக்கு.”

“சித்தியிட்டச் சொல்லு, கரடிக்கும் கண் இருக்கு.”

கதையே இல்லை என்று சொன்ன ஆளுக்குக் கத்தி தெரிவு செய்ய ஒரு மனிசி ஏன் சனிக்கிழமையைச் செலவழிக்கோணும்? அதுவும் விளங்கவில்லை. அப்பாதான் காரை ஓட்டினார். பின் சீற்றில் ஒரு ஜன்னலில் அம்மா, மற்ற ஜன்னலில் சித்தி, நடுவில் நான். அப்பா கண்ணாடிக்குள்ளால் எங்களைப் பார்த்து, “ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தி நிக்காது பிள்ளை” என்றார். கத்தி வாங்குகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டிய விஷயமாக்கும் என்று நான் அதை மனதில் எழுதி வைத்துக்கொண்டேன். பிக்கரிங்கில் கடை வாசலில் எங்களை இறக்கிவிட்டு, அவர் காரிலேயே இருந்துகொண்டார். கெட்டிக்காரன்.

கடைக்குள் கூடாரமும் தோணியும் தூண்டிலும். கத்திகள் கண்ணாடி அலுமாரிக்குள். அம்மா முதலில் காட்டியது என் முழங்கை அளவு நீளமான ஒன்றை. முதுகில் மரம் அரிகிற வாள்போலப் பல். பிடியின் அடியைத் திருகினால் உள்ளே குட்டித் திசைகாட்டியும் நெருப்புக்குச்சியும். எனக்கு அதில்தான் ஆசை. சித்தி காட்டியதோ மீன் துப்புரவாக்குகிற கத்தி அளவுதான்.

“சித்தியிட்டச் சொல்லு, உதால கரடிக்கு நகம்தான் வெட்டலாம்.”

“அம்மாட்டச் சொல்லு, அந்தப் பெரிசைக் காவிக்கொண்டு திரிய எனக்கு வேற ஆள் பிடிக்கோணும்.”

பொடியன் அம்மாவைப் பார்த்தான், சித்தியைப் பார்த்தான், பிறகு நடுவில் நின்ற என்னைப் பார்த்தான். அந்த நேரம் பார்த்துச் சித்தி குனிந்து, “நீ சொல்லு, உனக்கு எது நல்லாயிருக்கு?” என்று கேட்டாரா, அவனுக்கு முகம் வெளிறிவிட்டது.

“அன்ரி, கத்தி பிள்ளைக்கோ? சொறி, சின்னாக்களுக்கு நாங்க விக்கேலாது.”

அம்மா சிரிக்கவில்லை. சித்தியும் சிரிக்கவில்லை. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், கீழுதட்டின் ஒரே பக்கத்தைக் கடித்துக்கொண்டு, ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள்.

கத்தி ஆருக்கு, என்னத்துக்கு என்று ஒருவழியாக விளங்கிய பிறகு அவன் சொன்னது அம்மாவைக் குழப்பியது. “கரடிக்குக் கத்தி சரிவராது அன்ரி. கத்தியால தொடுற தூரத்துக்குக் கரடி வந்தால் இட்ஸ் டூ லேட். அதுக்கு ஸ்பிறே இருக்கு, விசில் இருக்கு.”

“அப்ப என்னத்துக்குத் தம்பி இவ்வளவு பெரிய கத்தி?”

விறகு பிளக்க, தடி சீவ, கயிறு அறுக்க, மழையில் நனைந்த கட்டைக்குள்ளே இருக்கிற காய்ந்த பகுதியை எடுத்து நெருப்பு மூட்ட என்று அவன் சொல்லிக்கொண்டு போனான். அம்மாவுக்கு முகம் கறுத்தது. கரடி இல்லையென்றதும் சந்தோசப்படுவார் என்று நினைத்தேன். கரடியை விட மழையும் குளிரும் நெருப்பில்லாத இரவும் அவருக்குப் பெரிசாகப் பட்டிருக்க வேண்டும். அதை இப்போது சொல்லுகிறேன். அப்போது ஒன்றும் தெரியாது.

நான் ஆசைப்பட்ட கத்தியை அவன் ஓரமாகத் தள்ளினான். பிடி வெறும் குழாய், இரும்பு உள்ளே கொஞ்சம்தான் போகிறது, ஓங்கி அடித்தால் அலகு கழன்றுவிடுமாம். நான் சிணுங்கியதற்கு அம்மா, “வடிவாய் இருக்கெண்டு பொன் கத்தியை எடுத்து வயித்தில குத்துறேல்லை” என்றார். பிறகு அவன் மூன்றாவதாக ஒன்றை வைத்தான். நீளத்தில் நடுத்தரம், பல்லும் இல்லை, திசைகாட்டியும் இல்லை. நுனியிலிருந்து பிடியின் அடிவரை ஒரே இரும்பு, அதற்கு இரண்டு பக்கமும் மரம் வைத்து இறுக்கியிருந்தது.

அம்மா அதன் முதுகைப் பெருவிரலால் தடவிப் பார்த்தார். “உந்த முதுகால தேங்காய் உடைக்கலாமோ?”

“கோக்கனற்? தெரியாது அன்ரி. முதுகில தடியால அடிச்சு விறகு பிளக்கலாம்.”

“அப்ப தேங்காயும் உடையும்.”

பிறகு என் தண்ணிப் போத்தலை வாங்கி, உள்ளங்கையில் ஊற்றி, ஈரக் கையால் பிடியை இறுக்கிப் பிடித்து, முன்னும் பின்னும் அசைத்துப் பார்த்தார். கண்ணாடியெல்லாம் தண்ணி. “வழுக்கேல்லை” என்றார். “அவளுக்குச் சின்னனில இருந்தே பயந்தால் உள்ளங்கை வேர்க்கும்.”

இதை என்னிடம் சொல்லவில்லை. பொடியனிடம் சொன்னார். துடுப்புகளைப் பார்ப்பதுபோல் முதுகு காட்டி நின்ற சித்தி மெல்லத் திரும்பினார். சொல்லச் சொல்லி ஒருவரும் கேட்காததால் நானும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்தக் கத்திதான் என்று முடிவாயிற்று. பொடியன் தோல் உறையை எடுத்தபோது எனக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது. “அண்ணா, ஒரு உறைக்குள்ள ரெண்டு கத்தி நிக்குமோ?” நல்ல பிள்ளை அவன். சின்னக் கத்தியையும் சேர்த்துச் செருகிப் பார்த்துவிட்டு, “நோ, ரெண்டும் உரஞ்சும்” என்றான். காரில் ஏறியதும் அப்பாவுக்குச் சொன்னேன். “எனக்குத் தெரியும் பிள்ளை” என்று பெருமூச்சு விட்டுக் காரை எடுத்தார்.

துருப்பிடிக்கிற இரும்பு, துடைத்து எண்ணெய் பூசி வையுங்கோ என்று கடைக்காரப் பொடியன் சொல்லியிருந்தான். எந்த எண்ணெயும் பரவாயில்லை என்றும் சொல்லியிருந்தான், அதுதான் பிழையாய்ப் போச்சு. அம்மா நல்லெண்ணெயைப் பூசினார். வடக்குக் காடு முழுக்கத் தேடினாலும் தோசைக்கல்லு வாசம் அடிக்கிற கத்தி அது ஒன்றாகத்தான் இருந்திருக்கும். முதுகால் ஒரு தேங்காயும் உடைத்துப் பார்த்தார். இரண்டே அடி. அந்தத் தேங்காயில் சம்பல் இடித்து, “சித்தியிட்டக் குடு” என்று என் கையில் தந்தார். கத்தியைப் பழைய துவாயில் சுற்றிக் குளிர்பெட்டிக்கு மேலே வைத்தார். “சித்தியிட்டச் சொல்லு, போகேக்க தருவன் எண்டு.”

போகிற நாள் காலமை நல்ல குளிர். வாசலில் வான் வந்து நின்றது. உள்ளே சேற்றுச் சப்பாத்துகளோடு நாலைந்து பெடி பெட்டையள். அப்பா பெட்டிகளை ஏற்றினார். சித்தி என்னைக் கொஞ்சிவிட்டு, “அம்மாட்டச் சொல்லு, போயிட்டு வாறன் எண்டு” என்றார்.

நான் உள்ளே ஓடினேன். குசினிக்குள் அம்மா துவாய்ச் சுருளைக் கட்டிப் பிடித்தபடி நின்றார். நான் சொன்னதும் வீட்டுச் செருப்போடே வெளியே வந்தார்.

சித்திக்கு அம்மாவின் சட்டம் தெரியும். துவாயைக் கண்டதும், வான் படியில் இருந்த தன் பையைத் தூக்கி, கத்தியை வைக்க இடம் விட்டு ஒதுங்கி நின்றார். அம்மா துவாயை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உறையோடு கத்தியை, பிடியைச் சித்தியின் பக்கம் திருப்பி, நீட்டினார். படி கைக்கெட்டிய தூரத்தில் இருந்தது. அம்மா வைக்கவில்லை. நீட்டிய கை நீட்டியபடியே நின்றது.

“அக்கா,” என்றார் சித்தி, “கையில தந்தால் சண்டை வரும்.”

“வரட்டும்.”

இரண்டு பேரும் என்னைப் பார்க்கவில்லை. அங்கே இருந்து இங்கே கொண்டு போக எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. இவ்வளவு நாளும் வீட்டில் சண்டை வேண்டாம் என்று பிள்ளையாரிடம் தோப்புக்கரணம் போட்டவள் நான். அன்றைக்கு அந்தக் கடைக்காரப் பொடியனோடு, முன்பின் தெரியாத ஒரு ஆளோடுகூடச் சண்டை வரக்கூடாது என்று நின்றவர், சொந்தத் தங்கச்சியோடு வரட்டும் என்கிறார். அம்மாவுக்கு மறதி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்து, “கீழ வைக்கச் சொல்லுங்கோ” என்றேன். அப்பா வேறு எங்கோ பார்த்துக்கொண்டு நின்றார்.

சித்தி கையை நீட்டினார். அம்மா கத்தியை அந்தக் கைக்குள் வைத்தார். வைத்த கையை எடுக்காமல், சித்தியின் வேர்த்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து, அந்த மரப்பிடியைச் சுற்றி மடித்துவிட்டார்.