எடை மேடைக் குமரேசன் போய்விட்டான்

குமரேசன் செத்துப்போனான். பழைய லாரி டிரைவர் ஒருவர் காலையில் வாய்ஸ் மெசேஜில் சொன்னார்... நெஞ்சுவலியாம்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் பேசுகிறேன், போன் எழுதிக்கொள்கிறது. நினைவு மட்டும் நன்றாக இருக்கிறது.

அவனியாபுரம் பக்கம் லாரி எடை போடும் மேடையில் பதினோரு வருஷம் காலை டூட்டி எனக்கு. கம்ப்யூட்டர் பாஸ்வேர்டு விரலுக்குத் தெரியும். தராசுப் படம், கேமராப் படம், பிரிண்டர் படம்... ஒவ்வொன்றாக அமுக்கித் திறந்து வைப்பேன். ஒருநாளும் லாரி வரிசையில் காத்து நின்றதில்லை.

கம்ப்யூட்டர் பார்க்க வந்தவன் குமரேசன். லினக்ஸ் போட்டான். லாகின் ஆனதும் மூன்று ப்ரோகிராமும் தானாகத் திறக்கிற மாதிரி ஒரு லிஸ்டில் சேர்த்தான். மத்தியானம் ஓனரைக் கூப்பிட்டுக் காட்டினான். மூன்றும் வரிசையாக வந்து நின்றன.

"பாத்தீங்களா மொதலாளி, எல்லாம் தானா தொறந்துக்குது. இனி இந்தக் கைநாட்டுக்கு எதுக்கு ஒரு சேரு?"

நான் பக்கத்தில்தான் நின்றேன். அந்த வாரமே என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

அவனுக்குத் தெரியாதது ஒன்று. காலையில் எடை காட்டும் பெட்டியை ஆன் பண்ணினால் நம்பர்கள் ஓடிக்கொண்டே இருக்கும். எல்லாம் சைபராகி, முட்டை முட்டையாக அசையாமல் நிற்க ஒரு டீ குடிக்கிற நேரம் ஆகும். அதற்கு முன்னால் கம்ப்யூட்டரில் தராசைத் திறந்தால் அப்படியே உறைந்துபோகும். அவன் மத்தியானம் சோதித்தபோது பெட்டி எப்போதோ தயாராகியிருந்தது...

நான் போன பிறகு தினமும் காலையில் லாரி வரிசை ரோடு வரை நின்றது. அதைப் பார்ப்பதற்காகவே கீழக்குயில்குடியிலிருந்து ஷேர் ஆட்டோ பிடித்து எதிர் டீக்கடைக்குப் போனேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீடு தேடி வந்தான். கையில் ஒரு சீப்பு வாழைப்பழம்.

"அண்ணே, காலைல மட்டும் எடை வரமாட்டேங்குது. நீங்க எப்பிடிண்ணே தொறப்பீங்க? எம்புட்டோ பாத்துட்டேன்."

"நான் கைநாட்டுப்பா. எனக்கென்ன தெரியும்?"

பழத்தையும் திருப்பிக் கொடுத்தேன்.

அடுத்த மாதம் லாரிக்காரர்கள் முன்னாலேயே ஓனர் அவனைத் திட்டி அனுப்பினார். அன்றைக்கு இரண்டு டீ குடித்தேன்.

கோச்சடையில் நாளை எடுக்கிறார்களாம். நான் வரவில்லை. யாரும் கூப்பிட வேண்டாம்.

குமரேசா... தராசை மட்டும் ஒரு டீ குடிக்கிற நேரம் கழித்துத் திறக்க வைத்திருந்தால் போதும்டா.

அன்றைக்குச் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன். போ.