கொப்புளிப்பானும் மதில் இடைவெளியும்

நடந்தவற்றை ஒழுங்காகச் சொன்னால் இப்படி வரும்:

1. ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் எனக்குக் காய்ச்சல் வருவது போல இருந்தது. ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டேன்.

2. திங்கள் காலை வயிற்றில் இரண்டு கொப்புளங்கள். நுளம்புக்கடி என்று முடிவு செய்தேன். தொற்றுநோய்கள் எப்படிப் பரவுகின்றன என்று ஆராயும் ஒரு திட்டத்தில்தான் நான் சம்பளம் வாங்குகிறேன் என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

3. மத்தியானம் முகத்திலும் வந்தது. அம்மா ஒருதரம் பார்த்தார், கொப்புளிப்பான், அதாவது சின்னம்மை, என்றார், அடுப்படிக்குப் போய்விட்டார்.

4. அம்மா படலையில் வேப்பங்குழை கட்டினார். அது போதாதென்று எண்ணி, "தொற்று உள்ளது, உள்ளே வரவேண்டாம்" என்று அச்சடித்த தாளொன்றை நான் பக்கத்தில் ஒட்டினேன்.

5. அன்று பின்னேரம் அக்கா மதிலுக்கு அங்கால் நின்று என்னை எட்டிப் பார்த்தாள். அக்காவுக்கு எட்டு மாதம். அவளுக்குக் கொப்புளிப்பான் வந்ததே இல்லை என்று அம்மா சொல்லியிருந்தார்.

ஐந்தாவதுதான் பிரச்சினை. பேறுகாலம் நெருங்கும் நேரத்தில் இது வந்தால் தாய்க்கும் ஆபத்து, பிள்ளைக்கும் ஆபத்து. அது எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் நான் அமைதியாக இருந்தேன். அமைதியாக இருப்பது என் பழக்கம். அதில் கொஞ்சம் பெருமையும் உண்டு.

என் அமைதிக்கு ஆதாரம் என் வேலைதான். வாவியை ஒட்டிய ஊர்களில் வீடு வீடாகப் போய், நேற்று யார் யாரைச் சந்தித்தீர்கள், எவ்வளவு நேரம் கதைத்தீர்கள் என்று எங்கள் குழு கேட்கும். அந்தப் பதில்களைக் கொண்டு நான் கணினியில் படம் வரைவேன். ஒவ்வொரு வீடும் ஒரு வட்டம், வீடுகளுக்கு இடையே கோடுகள். ஆரையம்பதிப் பக்கத்துப் பெண்கள் பெரும்பாலும் "ஒருத்தரயும் சந்திக்கல்ல" என்றே சொன்னார்கள். அதனால் அவர்களின் வட்டங்கள் கோடுகள் இல்லாமல் அழகாகத் தனித்து நின்றன. இப்பகுதிப் பெண்களுக்குச் சமூகத் தொடர்புகள் குறைவு என்று ஒரு கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டி விளக்கியும் இருக்கிறேன். நான் பிறந்து வளர்ந்ததும் ஆரையம்பதியில்தான்.

ஆகவே அறையின் ஜன்னல் வழியாக அக்காவிடம் சொன்னேன்: "நீ பயப்படாத. நீ வேற வீடு, நான் வேற வீடு. நமக்குள்ள தொடர்பு இல்ல."

அக்கா மதிலில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டாள்:

"என்னகா கதைக்கிறாய்? நேத்துக் காலையில என்ட தலைக்கு எண்ணெய் வெச்சது ஆரு?"

நான் விரல்விட்டு நாட்களை எண்ணினேன். அக்கா விடவில்லை.

"பேன் பாக்கிறன் எண்டு என்ட தலைய மடியில போட்டு வெச்சிருந்தாய். எழும்ப விட்டயா? அப்ப உன்ட தொடர்பு எங்க போயிருந்திச்சு?"

கொப்புளம் வெளியே தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பே இந்த நோய் மற்றவருக்குத் தொற்றத் தொடங்கிவிடும். அந்த வசனத்தைப் பயிற்சி வகுப்புகளில் நானே பலமுறை சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

உடனே அம்மாவிடம் போனேன், சரியான இடைவெளி விட்டு நின்று, இந்த மூன்று நாளும் வீட்டுக்கு யார் வந்தது என்று கேட்டேன். ஒருத்தரும் வரவில்லை என்றார். சின்னம்மா? தேங்காய் துருவ வந்தாராம். சின்னம்மாவின் மகள்? போனுக்குச் சார்ஜ் போட வந்தாளாம். அக்கா? காலையும் பின்னேரமும்.

"ஒருத்தரும் வரல்ல எண்டீங்க?"

"அதெல்லாம் வாறதா, புள்ள? அவங்க இஞ்ச இரிக்கிற ஆக்கள்."

எங்கள் பக்கத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். பெண்ணுக்கு வீடு கொடுப்பார்கள், அதையும் தாயின் வளவுக்குள்ளேயே கட்டிக் கொடுப்பார்கள். அப்படித்தான் அம்மா, சின்னம்மா, அக்கா மூவருக்கும் அடுத்தடுத்து மூன்று வீடுகள். பழைய வேலியை எடுத்துவிட்டு மதில் கட்டியபோதும், பின்பக்கத்தில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு இடம் விடச்சொல்லி மேசனிடம் சொன்னார்கள். அந்த இடைவெளியால் போவதை யாரும் போவதாகக் கணக்கெடுப்பதில்லை. வேப்பங்குழையும் என் தாளும் முன்படலையில் நின்று காவல் காத்தன. அந்த வழியால் எங்கள் வீட்டுக்குத் தபால்காரரைத் தவிர வேறு யாரும் வருவதில்லை.

அக்காவைப் பேறுகாலத்துக்குப் பார்க்கும் மருத்துவமாதுக்குப் போன் எடுத்தேன். எவ்வளவு நெருக்கமாக இருந்தீர்கள் என்று கேட்டார். முகத்துக்கு முகம் இல்லை, அவளுடைய உச்சந்தலைக்கு என் முகம், ஒரு மணித்தியாலம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. அக்காவை உடனே டொக்டரிடம் அனுப்பச் சொன்னார். நோயைத் தடுக்கும் ஊசி தேவையா என்பதை, இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்துத்தான் தீர்மானிக்கலாம் என்று டொக்டர் சொல்ல, இரத்தம் எடுத்து அனுப்பினார்கள்.

முடிவு வரும்வரை சும்மா இருக்க என்னால் முடியவில்லை. அத்தானிடம் சொல்லி அந்த இடைவெளியைத் தகரத்தால் அடைக்கச் செய்தேன். என் வாழ்நாளில் நான் செய்த தொற்றுத் தடுப்பு நடவடிக்கைகளில் இதுதான் படுதோல்வி. எங்கள் ஊரில் சகோதரிகளுக்கு இடையே இருக்கும் வழி அடைபட்டால் அதற்கு அர்த்தம் ஒன்றுதான்: காணிச் சண்டை. பொழுதுபடும் முன் சின்னம்மா சமாதானம் பேச வந்தார். பின்னால் அவருடைய மகளும் வந்து என் கட்டிலிலேயே உட்கார்ந்தாள். பிறகு பக்கத்து வளவில் இருந்து இரண்டு பேர், வேப்பங்குழையைக் கையால் விலக்கிக்கொண்டு முன்படலையாலேயே வந்தார்கள். சுகமில்லாதவள் சண்டை பிடிக்கக்கூடாது என்று எனக்குப் புத்தி சொன்னார்கள். பிறந்ததில் இருந்து எங்கள் வீட்டு முன்கதவால் அன்றைக்கு வந்த அளவுக்கு ஆட்கள் வந்ததை நான் கண்டதில்லை. என் தாளை ஒருவரும் வாசிக்கவில்லை.

அக்காவுக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான். நோயை நினைத்து அல்ல, தகரத்தைப் பார்த்து. "பிள்ளைக்கு ஒண்டு நடந்தா நான் ஆரிட்டப் போறது? இதால வர ஏலாதே" என்று அங்கால் நின்று சொன்னாள். அத்தானைத் திரும்பக் கூப்பிட்டேன். அத்தான் தகரத்தைக் கழற்றி மதிலோடு சாத்திவைத்தார். பதிலாக நான் அறையை விட்டு வெளியே வராமல் இருந்தேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

இரத்தப் பரிசோதனை முடிவு இரண்டு நாளில் வந்தது. அக்காவின் உடலில் கொப்புளிப்பானுக்கு எதிர்ப்புச் சக்தி இருக்கிறது, ஊசி தேவையில்லை. எப்போது வந்துபோனதென்று அம்மாவுக்குத் தெரியவில்லை. இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஏதோ ஒன்று வந்துகொண்டுதானே இருந்தது என்கிறார். சின்னம்மாவின் மகளுக்கு இரண்டு கிழமை கழித்துக் கொப்புளிப்பான் வந்து இப்போது காய்கிறது. எங்கள் ஆய்வில், யாரைச் சந்தித்தீர்கள் என்பதோடு, யாருடைய அடுப்படிக்குள் போனீர்கள் என்றும் கேட்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். இன்னும் அனுமதி வரவில்லை. அக்காவுக்கு அடுத்த மாதம் பிள்ளை கிடைக்கும். அவள் உடம்பில் ஒரு கொப்புளமும் இல்லை.