கோளாறு சொல்லும் பெட்டி வாங்கிய கதை

எனக்குக் கோபம் சட்டென்று வரும். அதைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையில் பாதி புரியாது. கூடவே, அமாவாசை தவறாமல் அக்னி தீர்த்தக் கடலில் முங்கி எழுகிற பக்தியும் உண்டு. இந்த இரண்டும் சேர்ந்து என் வீட்டுக்காரரைச் சவூதிக்கு விமானம் ஏற்றிவிடப் பார்த்தன.

அப்போது நாங்கள் இராமேஸ்வரத்தில் ஒரு வேன் கம்பெனியில் வேலை பார்த்தோம். இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் இருக்கும். அகலப் பாதை போடுவதற்காக ரயிலை நிறுத்தியிருந்த சமயம். யாத்திரைக்காரர்கள் எல்லாரும் சாலை வழியாகத்தான் வந்து போக வேண்டும். கம்பெனிக்கு ஒன்பது வேன். எந்த வண்டி எங்கே போகிறது, எப்போது திரும்பும், எந்த டிரைவர் போனை எடுக்காமல் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான் என்பதெல்லாம் ஆபீசில் இருந்த என் பொறுப்பு. ஆபீசுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட செட்டு. அங்கே மெக்கானிக் என் வீட்டுக்காரர். அவர் ஸ்பேனரைக் கீழே போட்டால் எனக்குக் கேட்கும். நான் டிரைவர்களைத் திட்டினால் அவருக்குக் கேட்கும். "காலையிலயே ஆரம்பிச்சிட்டியா?" என்று ஜன்னலில் தலையை நீட்டுவார். எங்கள் குடித்தனத்தில் பாதி அந்த ஜன்னல் வழியாகத்தான் நடந்தது.

முதலாளி கீழக்கரைக்காரர். பல வருஷம் வளைகுடாவில் இருந்துவிட்டுத் திரும்பியவர். என்னைத் தங்கச்சி என்பார், வீட்டுக்காரரைத் தம்பி என்பார். அவர் புதிதாக இரண்டு வேன் எடுத்தார். பிறகு மூன்றாவதாக ஒன்று. பழைய வண்டிகளுக்கு ஏதாவது என்றால் என் வீட்டுக்காரர் பானட்டைத் திறந்து, காதைச் சாய்த்துக் கேட்டே சொல்லிவிடுவார். புது வண்டிகளில் இன்ஜினைக் கவனித்துக்கொள்வது ஒரு கம்ப்யூட்டர். அதற்கு ஏதாவது பிடிக்கவில்லை என்றால் மீட்டரில் மஞ்சள் லைட்டைப் போட்டுவிட்டு வேகத்தையும் குறைத்துவிடும். முதல் இரண்டு வண்டிக்கும் பாம்பன் பாலம் ஏறும்போதுதான் லைட் எரியும். அத்தனை யாத்திரைக்காரர்களும் தலையை நீட்டிக் கடலைப் பார்த்துக்கொண்டு வர, வண்டி நடக்கிற வேகத்தில் போகும். பின்னால் வருகிற லாரிக்காரன் ஹாரனை விட்டுக் கையை எடுக்க மாட்டான்.

என்ன கோளாறு என்று தெரிய ஸ்கேனர் வேண்டும். டேஷ்போர்டுக்கு அடியில் டிரைவர் முழங்காலுக்கு நேராக ஒரு சாக்கெட் இருக்கிறது. ஸ்கேனரை அதில் செருகினால்தான் வண்டி வாயைத் திறக்கும். எங்களிடம் ஸ்கேனர் இல்லை. ஆனி மாதத்தில் இரண்டு வண்டியையும் மதுரைக்கு அனுப்பினோம். லைட்டை அணைத்துக் கொடுத்தார்கள். ஒரே வாரத்தில் மறுபடியும் எரிந்தது.

"சாக்கெட்டுன்னா எதுங்க?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டேன்.

அவர் குனிந்து காட்டினார். "இந்தா, இங்கனதான் வண்டி தன் நோவச் சொல்லும்."

அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன். அமாவாசைக்கு அமாவாசை கடலில் முங்கிவிட்டு ஒரு செம்பு நிறையக் கடல் தண்ணீர் கொண்டுவந்து எல்லா வண்டிக்கும் தெளிப்பது என் வழக்கம். பானட்டில், ஸ்டீயரிங்கில் மாவிலையால் நாலு சொட்டு. ஆடி அமாவாசையிலிருந்து புது வண்டிகளுக்கு மட்டும் தனி மரியாதை செய்தேன். நோவு சொல்லும் இடம் அதுதான் என்றால் தீர்த்தமும் அங்கேதானே போய்ச் சேர வேண்டும்? குனிந்து, உள்ளங்கை நிறைய எடுத்து, அந்தச் சாக்கெட்டைப் பார்த்து ஓங்கி அடித்தேன். ஆடி, ஆவணி, புரட்டாசி என்று கார்த்திகை வரைக்கும் ஒரு மாதம்கூட விடவில்லை. கார்த்திகை முடிந்து மூன்றாவது வண்டி வந்தது. மார்கழி அமாவாசைக்கு எனக்குக் காய்ச்சல் கண்டு படுத்திருந்தேன்.

காய்ச்சல் விட்டு எழுந்து வந்த அன்றைக்கு முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டார்.

"தங்கச்சி, நம்மளே ஒரு ஸ்கேனர் எடுத்துருவோம். எத எடுக்கன்னு நீங்க ரெண்டு பேரும் பாத்துச் சொல்லுங்க. தை அமாவாசைக்குள்ள அந்த லைட்டு அணையணும். இல்லன்னா செட்ட மூடிட்டு எல்லா வண்டியையும் மதுரைக்கே விட்டுருவோம்." பிறகு என் வீட்டுக்காரர் தோளில் கை வைத்தார். "நீங்க கவலப்படாதீங்க தம்பி. சவூதில, தம்மாம்ல எங்க மச்சான் ஒர்க்‌ஷாப் வச்சிருக்காரு. விசா எடுத்துருவோம், இன்ஷா அல்லாஹ்."

நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் எங்கள் தெருவில் பாதி வீட்டு ஆம்பளைகள் வளைகுடாவுக்குப் போய், வீட்டில் சுவர் போட்டோவாகத்தான் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை போன் வரும். பெண்கள் சிரித்துச் சிரித்துப் பேசிவிட்டு, வைத்ததும் மூக்கை உறிஞ்சுவார்கள். எனக்கு இந்த மனுஷன் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் இருக்க வேண்டும். அவரோ டீசலில் கையைக் கழுவிக்கொண்டே, "போனா ரெண்டு வருசத்துல வாரேன்" என்றார். நான் திட்டிய திட்டில் செட்டு மேலே உட்கார்ந்திருந்த காக்கை பறந்துவிட்டது.

ஸ்கேனர் தேடுகிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். டிரைவர்களிடம் கேட்டேன். ஒருவன், "தமிழ்ல பேசுமாக்கா?" என்றான். இன்னொருவன், "அதுல பாட்டு கேக்கலாமா?" என்றான். என் வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு ஆசைதான். "வண்டி ஓடையில பாக்கணும் புள்ள. நின்ன வண்டி என்னத்தச் சொல்லும்?" என்றார். அதை டிரிப் ஷீட்டின் பின்பக்கத்தில் பெரிதாக எழுதி, கீழே இரண்டு கோடு போட்டேன்.

ஸ்கேனர் விற்க முதலில் வந்தவர் கோயம்புத்தூர்க்காரர். பெரிய கறுப்புப் பெட்டி, கலர் திரை, மடிப்புக் கலையாத சட்டை. உலகத்தில் உள்ள எல்லா வண்டியோடும் இது பேசும் மேடம் என்றார். முதல் வண்டியில் செருகினார். திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடைசியில் தொடர்பு இல்லை என்று வந்தது. இரண்டாவது வண்டியிலும் அதே வட்டம், அதே பதில்.

"மேடம், வண்டில ஏதாவது..." என்று ஆரம்பித்தார்.

"வண்டியச் சொல்லாதீங்க! பேசத் தெரியாத பொட்டியச் சொமந்துக்கிட்டு இம்புட்டுத் தூரம் வந்தீங்களாக்கும்? இதுக்கு எங்க வீட்டுக்காரரு காதே மேல்!"

மனுஷன் டீயைக்கூடக் குடிக்காமல் பஸ் ஏறிவிட்டார்.

நாலு நாள் கழித்து மதுரையிலிருந்து ஒருவர் வந்தார். ஒல்லியான ஆள். மதியச் சாப்பாடு கொண்டுபோகிற பை மாதிரி ஒன்றிலிருந்து கையடக்கமாக ஒரு ஸ்கேனரை எடுத்தார். அன்றைக்கு முதலாளியும் வந்திருந்தார். மதுரைக்காரர் முதல் வண்டியில் செருகினார். தொடர்பு இல்லை. நான் மூச்சை இழுத்து வாயைத் திறப்பதற்குள் அவர் டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் படுத்துவிட்டார்.

உள்ளேயிருந்து குரல் வந்தது. "அக்கா, வண்டியக் கடலுக்குள்ள எறக்குனீங்களா?"

எட்டிப் பார்த்தோம். சாக்கெட்டின் பின்களெல்லாம் பச்சை படிந்து, மேலே வெள்ளையாக உப்பு பூத்திருந்தது. அவர் எழுந்து போய் மூன்றாவது வண்டியில் செருகினார். கண்ணை மூடித் திறப்பதற்குள் இன்ஜின் நம்பர் முதற்கொண்டு திரையில் வந்துவிட்டது. அந்த ஒரு வண்டிக்குத்தான் நான் தீர்த்தம் அடித்ததே இல்லை.

முதலாளி முகம் இறுகிவிட்டது. "என்ன தம்பி, வாட்டர் சர்வீஸ் பண்றப்ப உள்ள அடிச்சிட்டீங்களா?"

என் வீட்டுக்காரர் என்னை ஒரு நொடி பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். "ஆமா முதலாளி. கவனிக்காம விட்டுட்டேன்."

ஊருக்கே வாய் பேசுகிற நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், தம்மாம் விசாவில் முதல் கையெழுத்து என்னுடையதாக இருந்திருக்கும்.

"அவரு இல்ல முதலாளி. நான்தான். அமாவாசைக்கு அமாவாசை கடல் தண்ணிய அந்த ஓட்டைக்குள்ள நான்தான் அடிச்சேன்."

"ஓட்டைக்குள்ளயா?"

"நோவு அங்கனதான் தெரியும்னு இவரு சொன்னாரு."

முதலாளி தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டார். தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி, என்கிட்டயும் தம்பி அதேதான் சொன்னாரு. வெள்ளிக்கிழம ஜும்ஆ தொழுக முடிஞ்சு வாரப்ப, பள்ளிவாசல்ல ஓதுன தண்ணி ஒரு பாட்டில் கொண்டாந்து, லைட்டு எரியுற ரெண்டு வண்டிக்கும் நானும் அந்த எடத்துலதான் தெளிச்சேன். வாராவாரம்."

மதுரைக்காரர் டார்ச்சைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்து முதலாளி சிரித்தார், பிறகு டிரைவர்கள். என் வீட்டுக்காரர் டயர் மேல் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். இரண்டு சாமியும் சேர்ந்து ஒரே சாக்கெட்டில் இறங்கினால் அது எப்படித் தாங்கும்?

சிரித்து ஓய்ந்ததும் கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் போட்டேன். "தப்பு எம்மேலதான். திரும்ப வாங்க. இந்தத் தடவ டீ குடிச்சிட்டுத்தான் போகணும்" என்றேன். பாவம், நல்ல மனுஷன், வந்தார். அதற்குள் என் வீட்டுக்காரர் ஸ்பிரிட்டும் பழைய பல் துலக்கும் பிரஷும் வைத்து இரண்டு சாக்கெட்டையும் பளபளவென்று ஆக்கியிருந்தார். ஒரே நாளில் இரண்டு ஸ்கேனரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்.

பெரிய பெட்டி கோளாறு நம்பரை முதலில் சொன்னது. படமெல்லாம் போட்டுக் காட்டியது. ஆனால் அதற்குச் சுவரிலிருந்து கரண்ட் வேண்டும். செட்டை விட்டு நகராது. வெளியே நம் ஊர் வெயிலில் பிடித்தால் திரையில் என் முகம்தான் தெரிந்தது. சின்னதுக்குப் படம் இல்லை, வெறும் எழுத்தும் எண்ணும்தான். ஆனால் வண்டியிலிருந்தே கரண்ட் எடுத்துக்கொண்டது. வண்டி ஓடும்போது எண் மாறுவதையும் காட்டியது. டிரிப் ஷீட்டைத் திருப்பி நான் போட்ட இரண்டு கோட்டையும் பார்த்தேன். சின்ன ஸ்கேனரை முதல் வண்டியில் செருகி, "ஏறுங்க" என்றேன்.

வீட்டுக்காரர் ஓட்ட, நான் பக்கத்து சீட்டில் மடியில் ஸ்கேனரோடு. பின்னால் டிரைவர்கள் அத்தனை பேரும் ஏறிக்கொண்டார்கள், பாரம் வேண்டும் என்று சாக்கு. நடுப்பகல் காற்றில் பாம்பன் பாலம் ஏறினோம். இன்ஜினுக்குக் காற்றைத் தள்ளுகிற டர்போவின் அழுத்தத்தைக் காட்டும் வரியை மட்டும் நான் சத்தமாக வாசித்துக்கொண்டு வந்தேன். எண் ஏறியது, ஏறியது, பொத்தென்று விழுந்தது. "விழுந்திருச்சு!" என்று நான் கத்தியதும், "காத்து சீத்துங்குது, கேட்டியா?" என்று அவர் சொன்னதும் ஒரே நேரம். மஞ்சள் லைட்டும் அப்போதுதான் எரிந்தது.

பாலம் இறங்கி, ஓரங்கட்டி, பானட்டைத் திறந்தார். டர்போவிலிருந்து போகிற ரப்பர் ஹோஸ் ஒரு கிளிப்பில் உரசி உரசி, அடியில் கீறல் விட்டிருந்தது. சும்மா நிற்கும்போது அது மூடிக்கொள்ளும். பாரத்தோடு மேடு ஏறினால்தான் வாய் பிளக்கும். நான் நடு ரோடு என்று பார்க்காமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். கையெல்லாம் கிரீஸ். டிரைவர்கள் விசில் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன்.

செட்டுக்குத் திரும்பிப் பார்த்தால் இரண்டாவது வண்டியிலும் அதே இடத்தில் அதே கீறல். இரண்டுக்கும் புது ஹோஸ் மாட்டினோம், கிளிப்பைத் தள்ளி வைத்தோம். சின்ன ஸ்கேனரை முதலாளி எடுத்துக் கொடுத்தார். தம்மாம் பேச்சை அவர் திரும்ப எடுக்கவில்லை. "மச்சான் வேற ஆளப் பாத்துக்கிடட்டும்" என்று மட்டும் சொன்னார்.

தை அமாவாசை அன்று விடியக் காலையில் நான் கடலுக்குப் போனேன். ஊரே தலையாக இருந்தது. முங்கி எழுந்து, வழக்கம்போல் செம்பை நிறைத்துக்கொண்டு ஈரச் சேலையோடு செட்டுக்கு வந்தேன். எல்லா வண்டியும் புறப்பட நின்றன. புது வண்டிகளில் ஏறிக் குனிந்து பார்த்தேன். சாக்கெட்டுகளுக்குப் பிளாஸ்டிக் கவர் போட்டு, மேலே டேப்பைச் சுற்றிச் சுற்றி ஒட்டியிருந்தார் என் வீட்டுக்காரர். எறும்புகூட நுழைய முடியாது.

பானட்டில் மட்டும் மாவிலையால் நாலு நாலு சொட்டு தெளித்தேன். வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒரு லைட்டும் எரியவில்லை. செம்பில் தண்ணீர் அப்படியே இருந்தது.

"மிச்சத்த என்ன செய்யப் போற?" என்று ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து கேட்டார்.

"இங்கன வாங்க" என்றேன். வந்து தலையைக் குனிந்து நின்றார். முழுச் செம்பையும் அவர் தலையில் கவிழ்த்தேன்.