பக்கத்து சீட்டில் சித்தி

சித்தப்பாவுக்கு வண்டி ஓட்டத் தெரியும், லைசென்ஸ் இல்லை. சித்திக்கு லைசென்ஸ் இருந்தது, வண்டி ஓட்டத் தெரியாது. இப்படி ஒரு ஜோடி வெளிநாட்டில் வந்து இறங்கினால் என்ன ஆகும் என்பதை நான் கூடவே இருந்து பார்த்தேன். மேல்படிப்புக்கு வந்த எனக்கு அவர்கள் வீட்டுச் சின்ன அறைதான் விடுதி. குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவள் என்பதால் சித்தப்பா என்னை ‘டிகிரி’ என்றுதான் கூப்பிடுவார். எந்த அலுவலகத்துக்குப் போனாலும் கவுண்டருக்கு முன்னால் என்னைத் தள்ளிவிட்டுப் பின்னால் நின்றுகொள்வார்.

சித்தி நர்ஸ். நடமாட முடியாத முதியவர்களின் வீடுகளுக்கே போய்க் கட்டு மாற்றும் வேலை. நேர்காணலில் மேலாளரம்மா, லைசென்ஸ் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார். சித்தி இருக்கிறது என்றாள். உண்மைதானே? ஓட்டத் தெரியுமா என்று யாரும் கேட்கவில்லை. பயிற்சிக் காலம் முடிந்ததும் அலுவலகக் காரை எடுத்துக்கொண்டு தனியாகக் கிளம்ப வேண்டும். முடியாவிட்டால் வேலை போகும். வேலை போனால் விசா போகும். விசாவோடு சித்தப்பாவும் என் சின்ன அறையும் சேர்ந்து போகும்.

சித்தி லைசென்ஸ் எடுத்ததே ஓர் அடையாள அட்டைக்காகத்தான். டிரைவிங் ஸ்கூல் காரில் பிரேக்கும் கிளட்சும் இரண்டு பக்கமும் இருந்தன. மாஸ்டர் தன் பக்கத்தில் மிதித்துக்கொண்டே இருந்தார், சித்தி ஸ்டியரிங்கை சாமி படம் மாதிரி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். டெஸ்ட்டில் பாஸானது மாஸ்டர், அட்டையில் விழுந்தது சித்தியின் முகம். அன்றைக்கே அது பீரோவில் பட்டுப்புடவைக்கு நடுவே போய்ப் படுத்தது.

சித்தப்பா காலமெல்லாம் சரக்கு வேன் ஓட்டியவர். அவருடைய லைசென்ஸ் சட்டைப்பையில் வியர்வை குடித்துக் கிடந்தது. வேன் ஜன்னல் கண்ணாடி கடகடவென்று ஆடும்போதெல்லாம் அதைத்தான் சந்தில் செருகி ஆட்டத்தை நிறுத்துவார். பயண அலைச்சலில் அது காலாவதியும் ஆகியிருந்தது.

லைசென்ஸ் மாற்றும் அலுவலகத்தில் இரண்டு அட்டைகளையும் நீட்டினேன். கவுண்டர்க்காரி சித்தப்பாவின் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். படத்தில் காது மட்டும் மிஞ்சியிருந்தது. இது யார் என்று கேட்டாள்.

“வண்டியக் கொண்டாரச் சொல்லு டிகிரி. யாருன்னு காட்டுறேன்” என்றார் சித்தப்பா.

நான் அதை மொழிபெயர்க்கவில்லை. சித்தியின் அட்டை கசங்காமல், கீறல் இல்லாமல், புடவை வாசத்தோடு இருந்தது. கவுண்டர்க்காரி அதைப் பாராட்டி, டெஸ்ட் எதுவும் வேண்டாம் என்று புது லைசென்ஸுக்குப் பதிந்துகொண்டாள். சித்தப்பா முதலிலிருந்து கற்றுக்கொள்பவராகப் பதிய வேண்டும், காரில் எல் போர்டு மாட்ட வேண்டும், பக்கத்தில் எப்போதும் லைசென்ஸ் உள்ள ஒருவர் உட்கார்ந்து அவரைக் கண்காணிக்க வேண்டும் என்றாள்.

“அப்படி ஒருத்தருக்கு நாங்க எங்க போறது?” என்று சித்தப்பா புலம்பினார்.

சித்தி தொண்டையைச் செருமினாள்.

பஸ்ஸில் நான் சிரித்துக்கொண்டே வந்தேன். ஓர் அட்டையைப் பார்த்தே நம்பிவிடுகிறார்களே! பாதி வழியில் சிரிப்பு நின்றுவிட்டது. என்னையும் ஒரு பட்டச் சான்றிதழைப் பார்த்துத்தான் இங்கே சேர்த்துக்கொண்டார்கள். எங்கே, ஓட்டிக் காட்டு என்று யாராவது சொன்னால் நான் எந்த கியரைப் பிடிப்பேன்? அதற்குப் பிறகு ஜன்னல் வழியாகக் கார்களை எண்ணிக்கொண்டு வந்தேன்.

பழைய கார் ஒன்று வாங்கினார்கள். சாலையில் சித்தப்பா ஓட்டுவார், சித்தி கண்காணிப்பாள். மூடிக்கிடந்த மரச்சாமான் கடைக்குப் பின்னாலிருந்த காலி இடத்துக்குப் போனதும் இருவரும் சீட் மாறிக்கொள்வார்கள். கண்காணிப்பாளர் மாணவியாகிவிடுவாள்.

“கிளட்ச மெதுவா விடு. மெதுவான்னா மெதுவா! தவளையா இது, தாவுது?”

“நீங்க கத்தினா எனக்குக் கால் எங்க இருக்குன்னே தெரியலைங்க.”

“காலு கீழதான் இருக்கும். கேப் கிடைச்சா பூந்துரணும், அவ்வளவுதான் டிரைவிங்.”

“இங்க யாருமே இல்லையே, எதுல பூர்றது?”

திரும்பும்போது பழிவாங்கல் நடக்கும். அந்நாட்டுச் சாலை விதிப் புத்தகத்தைச் சித்தி மருந்துச் சீட்டு மாதிரி வரி விடாமல் படித்திருந்தாள். “ஏங்க, கை வெளிய போகுது. உள்ள எடுங்க. எதுக்கு ஹாரன்? அவரு நடைபாதையில நிக்கிறாரு.”

“நிக்கிறவரு இறங்கிட்டாருன்னா? முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன்.”

அந்த முன்னறிவிப்புதான் அவரைக் கவிழ்த்தது. டெஸ்ட் அன்று நாயைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒரு பெரியவருக்கும், காலியான ஒரு திருப்பத்துக்கும், கடைசியில் நிறுத்தும்போது பழக்கதோஷத்தில் சும்மாவும் ஹாரன் அடித்தார். தேர்வாளர் ஃபெயில் என்றார். சித்தப்பா வீட்டுக்கு வந்து, “அந்த ஆளுக்குக் காது ரொம்ப மென்மை” என்று தீர்ப்பு சொன்னார்.

சித்தியின் பயிற்சிக் காலம் முடியும் நாளும் வந்தது. அதற்குள் காலி இடத்தில் நன்றாகவே ஓட்டினாள். சாலைக்கு வரச் சொன்னால் மட்டும் மாட்டேன் என்றாள்.

“லைசென்ஸ் உன் கையில இருக்கு. எவன் கேப்பான்? சாவிய வாங்கு, கிளம்பு” என்றார் சித்தப்பா.

“எவனும் கேக்க மாட்டான். அதான் பயமா இருக்கு. குறுக்க ஒரு பிள்ளை ஓடிவந்தா அந்த அட்டையவா காட்டுவேன்?”

அன்று காலை, பதற்றத்தில் அந்த ஊர் மொழி தடுமாறும் என்று என்னையும் அலுவலகத்துக்கு இழுத்துக்கொண்டு போனாள். மேலாளரம்மா கார்ச் சாவியை நீட்டினார். சித்தி வாங்கவில்லை.

“சொல்லுடி. எனக்கு லைசென்ஸ் இருக்கு, டெஸ்ட் வைக்காமலே குடுத்துட்டாங்க. நீங்க கூட உக்காந்து ஒரு டெஸ்ட் வைங்க. தேறலைன்னா அப்புறம் பேசிக்கலாம்.”

“சித்தி, விசா...” என்று நான் கிசுகிசுத்தேன்.

“சொல்லுடின்னா.”

சொன்னேன். அந்த அம்மா சாவியைச் சித்தியின் கையில் வைத்தார். பிறகு கோட்டை எடுத்துப் போட்டுக்கொண்டு காரில் ஏறினார். நான் பின்சீட்டில்.

வாசலிலேயே ஒரு முறை கார் அணைந்தது. கடைத்தெருவில் கைத்தடியோடு ஒரு கிழவி சாலையோரத்தில் நின்று, இறங்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தாள். தாராளமாகக் கேப் இருந்தது. சித்தப்பாவாக இருந்தால் பூந்திருப்பார். சித்தி நிறுத்தினாள். பின்னாலிருந்த கார்க்காரன் ஹாரனில் கையை வைத்தவன் எடுக்கவே இல்லை. சித்தியின் கழுத்தில் வியர்வை வழிந்தது, கார் அசையவில்லை. கிழவி இறங்கி, நடந்து, அந்தப் பக்கம் ஏறிய பிறகுதான் கியர் விழுந்தது.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் மேலாளரம்மா சொன்னதை நான் தமிழில் சொன்னேன்: “ரொம்ப மெதுவாம். முதல் வாரம் பக்கத்துத் தெருக்கள் மட்டும்தானாம். சாவி உங்ககிட்டயே இருக்கட்டுமாம்.”

சித்தி சாவியை முந்தானையில் முடியப் போனாள். அன்று அணிந்திருந்தது பேன்ட் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா மறுபடி எல் போர்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். சித்தி பக்கத்து சீட்டில் ஏறி பெல்ட்டை இழுத்தாள். தெருமுனையில் அவர் கை ஹாரனை நோக்கிப் போனது. பட்டென்று ஓர் அடி விழுந்தது.

“அடிக்கிறியாடி?”

“கண்காணிக்கிறேங்க.”