மாப்பிள்ளையின் பட்டறைக்கு நான் போட்ட பைப்

என் தங்கை வீட்டில் தண்ணீர் டம்ளர்கூட மூடி போட்டுக்கொண்டுதான் வரும். குடம், பாத்திரம், பல் துலக்கும் பிரஷ் வைக்கிற குவளை, எல்லாவற்றுக்கும் ஒரு மூடி. "இந்த வீட்டுல மூடியில்லாதது மாப்பிள்ளை தலை ஒண்ணுதான், அதுலயும் ஒரு படி மரத்தூள் கிடக்கு" என்று நான் கேலி செய்வேன். அவளும் சிரிப்பாள். அப்படிச் சிரிக்கும்போதெல்லாம் இருமல் வந்து, சிரிப்பு எது, இருமல் எது என்று தெரியாமல் போனபோதுதான் கேலியை நிறுத்தினேன்.

மாப்பிள்ளை என்றால் அவள் கணவர். பதினேழு வருஷம் ஓர் அச்சகத்தில் பைண்டிங் பிரிவில் இருந்தார். தாள் அடுக்கி, தைத்து, பசை தடவி, ஓரம் வெட்டுகிற வேலை. பேச்சில் மகா கஞ்சம். "சாப்பிட்டீங்களா?" என்றால் "ஆச்சு." "உடம்பு எப்படி?" என்றால் "இருக்கு." நானோ வாயை மூடினால் மூச்சு முட்டுகிற ஆள். எங்களுக்குள் எப்படியோ ஒத்துப்போயிற்று.

அந்த அச்சகத்தை மூடினார்கள். அதன்பிறகு எட்டு மாதம் மனிதர் கூடத்தில் ஒரு மர நாற்காலியைப் போட்டு எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கூப்பிட்டால் சாப்பிட வருவார். சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் போய் உட்கார்ந்துகொள்வார். நான் போனால் ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். என் தங்கை அந்த எட்டு மாதத்தில் எட்டு வயது கூடிப்போனாள். பிறகு ஒரு நாள் அந்த நாற்காலியின் கால் ஆடத் தொடங்கியது. அதைச் சரி செய்ய எழுந்தவர்தான், அப்புறம் உட்காரவேயில்லை.

சமையலறையை ஒட்டி ஸ்கூட்டர் நிறுத்துகிற ஷெட் ஒன்று இருந்தது. ஸ்கூட்டர் வெளியே மழையில் நனைந்தது, ஷெட் பட்டறை ஆயிற்று. முதலில் முக்காலி, பிறகு மேசை, கடைசியில் புத்தக அலமாரியில் வந்து நிலைத்தார். எந்தப் புத்தகம் எவ்வளவு உயரம், எவ்வளவு கனம் என்பதெல்லாம் அவர் கைக்கே தெரியும், அதனால் அவர் அலமாரியில் தட்டு வளையாது. ஆர்டர் வர வர, அறுக்கிற மேசை ரம்பம், இழைக்கிற மெஷின், தேய்க்கிற மெஷின் என்று மூன்று வந்து சேர்ந்தன. தூளும் சேர்ந்தது. பட்டறைக்கும் சமையலறைக்கும் நடுவில் ஒரே ஒரு கதவு.

தங்கைக்கு இழுப்பு வந்தது. டாக்டரம்மா மூச்சின் வேகத்தை அளக்கிற ஒரு குழாயைக் கொடுத்து ஊதச் சொன்னார். முள் நூற்று எண்பதில் நின்றது, முந்நூறாவது வேண்டுமாம். "மருந்து தர்றேன். ஆனா அந்தத் தூள் நிக்கணும். ரெண்டு மாசம் பார்ப்போம். அளவு ஏறலைன்னா, ஒண்ணு அந்த வீட்டுல பட்டறை இருக்கக் கூடாது, இல்ல நீங்க இருக்கக் கூடாது" என்றார்.

"மூடிடறேன்" என்றார் மாப்பிள்ளை, ஆஸ்பத்திரி வாசலிலேயே.

"மூடினா நான் அந்த வீட்டுக்கு வரவே மாட்டேன்" என்றாள் தங்கை. "மறுபடியும் நீங்க அந்த நாற்காலியில உக்கார்றதை என்னால பார்க்க முடியாது."

அன்றைக்கே பையோடு என் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

மாப்பிள்ளை யார் யாரையோ விசாரித்துத் தூள் உறிஞ்சுகிற மெஷின் ஒன்றை வரவழைத்தார். பெரிய காற்றாடி, அதன் கீழே ஒரு டிரம். அதிலிருந்து சுவர் நெடுக ஒரு பைப் போகும், வழியில் ஒவ்வொரு மெஷினுக்கும் ஒரு கிளை. ரம்பம் துப்புகிற தூள் வெளியே பறப்பதற்கு முன்னால் பைப் வழியாக டிரம்முக்குப் போய்விட வேண்டும். பைப்பும், வளைவுக்கு எல்போவும், கிளை பிரிக்க ஆங்கில ஒய் எழுத்து மாதிரி இருக்கிற ஒய் மூன்றும் வாங்கி வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். நான் பிளம்பர், இருபத்திரண்டு வருஷமாக. குழாய் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. கூப்பிடாமல் இருந்திருந்தால்தான் கோபம் வந்திருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை போனேன். மாப்பிள்ளை ஒரு தாளை நீட்டினார்.

"மச்சான், ஒரு படம் போட்டு வச்சிருக்கேன்."

"குழாய்க்குப் படமா? இருபத்திரண்டு வருஷம் நான் என்ன வேடிக்கை பார்த்துட்டா இருந்தேன் மாப்பிள்ளை?" என்று வாங்கி, பார்க்காமலே மேசையில் போட்டு, அதன்மேல் பசை டப்பாவை வைத்தேன்.

ஆரம்பத்திலேயே ஓர் இடக்கு. பைப் நாலு இஞ்ச், மெஷினுக்கு மாட்டுகிற வளையும் ஹோஸும் நாலு இஞ்ச். இரண்டின் மேலும் அப்படித்தான் அச்சடித்திருக்கிறது. ஆனால் இது அதற்குள் போகாது, அது இதற்குள் போகாது. ஒன்றுக்கு உள்ளளவு, இன்னொன்றுக்கு வெளியளவு. நான் சுத்தியலைத் தேடினேன். மாப்பிள்ளை சமையலறைக்குப் போய்க் கொதிக்கிற தண்ணீர் கொண்டுவந்து, ஹோஸின் வாயை அதில் முக்கி, இளகியதும் பைப்பின் மேல் நோகாமல் ஏற்றிக் கிளாம்ப் போட்டு முறுக்கினார். எனக்குக் கொஞ்சம் மூக்கு உடைந்த மாதிரிதான் இருந்தது. அதனாலேயே அடுத்த வேலையில் குரலை உயர்த்திக்கொண்டேன்.

முதல் ஒய்யில் பசை தடவும்போது பக்கத்தில் வந்து நின்றார்.

"மச்சான், இந்தக் கிளை..."

"என்ன கிளைக்கு?"

"இந்தப் பக்கம் சாயணுமோன்னு."

"நீங்க அலமாரி செய்யும்போது நான் வந்து பலகையை எப்படி இழைக்கணும்னு சொல்றேனா?"

"இல்ல."

"அப்புறம் என்ன?"

கொஞ்ச நேரம் கழித்து, "பசை போடாம முதல்ல சும்மா சொருகிப் பார்ப்போமா?" என்றார். சொருகி வைத்துவிட்டுப் போகிறவன் பிளம்பரே இல்லை என்று ஒரு பிரசங்கம் செய்து, எல்லா மூட்டுகளையும் ஒட்டினேன். சாயங்காலம் சுவிட்சைப் போட்டதும் ஷெட்டே அதிர்ந்தது. ஹோஸின் வாயில் கையை வைத்தால் இழுத்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்து, "நாளைக்கே கிளம்பு, இனிமே உன் வீட்டுல தூள்ங்கற பேச்சே இல்ல" என்று தங்கையிடம் சொன்னேன்.

போனாள். நாலாவது நாள் மத்தியானம் மாப்பிள்ளை போன் செய்தார். "ஆஸ்பத்திரி" என்றார். போய்ப் பார்த்தால் முகத்தில் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்து ஒன்றுமில்லை என்பதுபோலக் கையை ஆட்டினாள். அந்தக் கையை ஆட்டுவதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது.

"மெஷின் சொத்தை" என்றேன் மாப்பிள்ளையிடம். "நல்லா ஏமாத்திட்டாங்க."

"இருக்கலாம்" என்றார்.

தங்கை மறுபடியும் என் வீட்டுக்கு வந்தாள். கெடுவில் பதினைந்து நாள்தான் மிச்சம். மூன்றாம் நாள், சனிக்கிழமை காலை, மாப்பிள்ளை போனில் அவர் வாழ்க்கையிலேயே நீளமான பேச்சைப் பேசினார். "பைப்பை மட்டும் வந்து கழட்டிக் கொடுங்க மச்சான். பத்து மணிக்கு மெஷின்களை விலைக்குப் பார்க்க ஒருத்தர் வர்றார். அவகிட்ட இப்பச் சொல்ல வேண்டாம். வீட்டுக்கு வந்தபிறகு நானே சொல்லிக்கிறேன்."

நான் போனபோது கூடத்தில் அந்த நாற்காலி கிடந்தது. எங்கோ மூலையில் இருந்ததை எடுத்துத் துடைத்து, பழைய இடத்தில், சுவரைப் பார்க்கப் போட்டிருந்தார். கைரம்பத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குள் போனேன்.

ஒட்டின பைப்பை வெட்டித்தான் எடுக்க வேண்டும். முதல் ஒய்யை அறுத்து இறக்கி உள்ளே பார்த்தேன். கிளை சேருகிற முனையில் தூளும் சிராயும் கெட்டித்துப்போய், ஒரு விரல் போகிற வழிதான் மிச்சம். இரண்டாவது ஒய்யிலும் அதே இடம், அதே பக்கம். மூன்றாவதை அறுப்பதற்கு முன்பே எனக்கு மண்டையில் உறைத்துவிட்டது. மேசையில் பசை டப்பா வைத்த இடத்திலேயே இருந்தது. அதை நகர்த்தித் தாளை எடுத்தேன்.

அளவெல்லாம் போட்டு, பென்சிலில் துல்லியமாக வரைந்திருந்தார். ரம்பத்திலிருந்து ஓர் அம்புக்குறி, இழைப்பு மெஷினிலிருந்து ஒன்று, தேய்ப்பு மெஷினிலிருந்து ஒன்று. மூன்றும் சாய்ந்து வந்து பெரிய பைப்பில் சேர்ந்து டிரம்மை நோக்கிப் போயின. அதன் நடுவில் என் டப்பாவின் வட்டக் கறை.

நான் போட்டது நேர் எதிர். கழிவுநீர் லைனில் இதே ஒய்யை ஆயிரம் தடவை சரியாகப் போட்டவன்தான். ஆனால் ஒரு மோட்டாரைப் பார்த்ததும் என் கை தானாகத் தண்ணீர் லைனுக்குப் போய்விட்டது. அங்கே தண்ணீர் மோட்டாரிலிருந்து கிளம்பிக் கிளைகளுக்குப் போகும். இங்கே தூள் கிளைகளிலிருந்து மோட்டாருக்கு வர வேண்டும். ஓடிவருகிற தூள் என் ஒய்க்கு வந்ததும் வந்த திசைக்கே மடங்கித் திரும்பினால்தான் டிரம் பக்கம் போக முடியும். போக முடியாதது எல்லாம் வெளியே பறந்து, கதவைத் தாண்டி, என் தங்கையின் நெஞ்சுக்குள் போயிருக்கிறது.

"மாப்பிள்ளை, உங்களுக்கு இது அன்னைக்கே தெரியும்."

"தெரியும்னு இல்ல. தோணுச்சு."

"ஏன் அடிச்சுச் சொல்லல?"

"குழாய் விஷயத்துல நீங்க சொன்னா சரியா இருக்கும்னு நினைச்சேன் மச்சான்."

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். செருப்பால் அடித்திருந்தாலும் இவ்வளவு வலித்திருக்காது. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு வீட்டிலும் நான் தலைகுனிந்ததில்லை, குனிய வேண்டி வந்தது என் தங்கை வீட்டில்.

அந்த நேரம் பார்த்து மெஷின் பார்க்க வந்த ஆள் வாசலில் மணியடித்தார். நானே போய், "இது விக்கறதுக்கு இல்லைங்க, தப்பு என்னோடது" என்றேன். அவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மெஷினுக்கும் என் தப்புக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். உட்கார்ந்து விளக்கம் சொல்ல எனக்குத் தெம்பில்லை, கும்பிட்டு அனுப்பிவைத்தேன்.

பிறகு புது ஒய் மூன்று வாங்கி வந்தேன். தாளைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

"சொல்லுங்க மாப்பிள்ளை, எந்தப் பக்கம்?"

அன்று அவர் சொல்ல நான் பிடித்தேன். பசை கிடையாது. மூட்டுக்கு மூட்டு சின்ன ஸ்க்ரூ, அதன்மேல் அலுமினிய டேப். சட்டென்று மடங்குகிற எல்போவைத் தூக்கிவிட்டு, படத்தில் இருந்தபடி பாதி வளைவு இரண்டு போட்டோம். ஓடாத மெஷினின் கிளையை மூடிவைக்க ஒவ்வொன்றிலும் ஒரு தள்ளு கதவு. முடிந்ததும் மாப்பிள்ளை பிளாஸ்டிக் பையிலிருந்து நூல் போல ஒரு துண்டு கிழித்து, காற்று கசிகிறதா என்று மூட்டு மூட்டாக நீட்டிப் பார்த்தார். ஒரு கிளாம்ப்பில் மட்டும் அது உள்ளே துடித்தது. இறுக்கினார். பிறகு ஒரு முழுப் பலகையை அறுத்தார். மேலே காற்றுத் துளை வழியாக விழுந்த வெயிலில் ஒரு துளி தூள் மிதக்கவில்லை. இரண்டு பேரும் அந்த வெயிலையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

தங்கையை உடனே அனுப்ப எனக்குத் தைரியம் வரவில்லை. மாப்பிள்ளை சமையலறை அலமாரித் தட்டில் ஒரு கறுப்புத் துணியை விரித்துவைத்து, மூன்று நாள் மெஷினை ஓட்டி, துணியைப் போட்டோ எடுத்து அனுப்பினார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது. அதன்பிறகுதான் அவள் போனாள். தினமும் காலையில் போன் செய்து, "அலமாரியில என்னென்ன இருக்கு, மூச்சு விடாம சொல்லு" என்பேன். அவள் உப்பு, சர்க்கரை என்று அடுக்கிக்கொண்டே போவாள், நான் இழுப்பு கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். ஆறாவது நாள், "அண்ணே, உனக்குப் பைத்தியம் பிடிச்சிருக்கு" என்று ஒரே மூச்சில் சொன்னாள். அவ்வளவு நல்ல வார்த்தையை நான் கேட்டதேயில்லை.

கெடு நாளில் மூன்று பேரும் போனோம். அவள் ஊதினாள். நான் முள்ளைப் பார்க்காமல் மாப்பிள்ளையின் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முந்நூத்திப் பத்து" என்றார் டாக்டரம்மா. "வீடு மாத்திட்டீங்களா?"

"இல்ல டாக்டர், அதே வீடுதான்" என்றாள் தங்கை.

"பட்டறையை மூடிட்டீங்க, அப்படித்தானே?"

"ஓடுது" என்றார் மாப்பிள்ளை.

மருந்தை நிறுத்தாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னது என் காதில் அரைகுறையாகத்தான் விழுந்தது. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது எனக்கு. அழுதேன், அதிலென்ன வெட்கம்? கண்ணில் தூள் என்று சொல்லலாம் என்று பார்த்தால், அந்தச் சாக்கையும் நாங்களே கழற்றிப் போட்டுவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் மாப்பிள்ளை சட்டையை மாற்றிக்கொண்டு, பாதியில் நிற்கும் அலமாரியைப் பார்க்கப் போய்விட்டார். நானும் பின்னாலேயே போனேன். ரம்பத்துக்கு எதிரே, சுவர் ஓரமாக, அந்த நாற்காலி கிடந்தது.

"இது இங்க எப்படி வந்தது?"

"அவ உக்கார" என்றார்.

அவர் பலகையை ரம்பத்தில் தள்ளிக்கொண்டிருக்கும்போதே சமையலறைக் கதவைக் காலால் தள்ளித் திறந்துகொண்டு தங்கை வந்தாள். கையில் மூன்று டீ. எனக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு, அவருடையதை ரம்ப மேசையின் ஓரத்திலேயே வைத்துவிட்டு, நாற்காலியில் உட்கார்ந்து தன்னுடையதை ஊதிக் குடிக்க ஆரம்பித்தாள். என் கை பழக்கத்தில் டம்ளரின் மேல் போயிற்று.

"மூடி எங்க?"

"எதுக்கு?" என்றாள்.

கடைசிச் சொட்டுவரை குடித்தேன். அடியில் கரையாத சர்க்கரை மட்டும்தான் இருந்தது.