பாலைவனத்துக்குப் போன ஸ்வெட்டர்

என் ஐந்தாம் வகுப்பு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "செவ்வாய். மாமா பாலைவனம் பார்க்கப் போனார். ஸ்வெட்டர் ஆணியில் இல்லை." ஆண்டு எழுதவில்லை. ஆண்டில்லாத குறிப்பை நம்பக் கூடாது என்று இன்று சொல்வேன். அன்று வீடே அதை நம்பியது.

மாமா அம்மாவின் தம்பி, கொடைக்கானலில் டாக்சி ஓட்டியவர். பேத்துப்பாறையில் எங்களுக்கு அடுத்த வீடு. "ஊருக்கெல்லாம் சுத்திக் காட்டியாச்சு. ஒரு தடவ நானும் டூரிஸ்டா போயிட்டு வாறேன்" என்று ராஜஸ்தான் பக்கம் ஒரு சுரங்க நகரத்துக்குத் தனியாகப் புறப்பட்டார்.

"டூர் போறவன் தாஜ்மகாலுக்குப் போவான். குழி தோண்டுற ஊருக்கு எவன் போவான்?" என்றார் அப்பா.

மலையிறங்குகிறவர்கள் ஸ்வெட்டரை வீட்டு ஆணியில் மாட்டிவிட்டுப் போவது எங்கள் வழக்கம். அடிவாரத்து வத்தலக்குண்டு வெயிலில் அது வெறும் சுமை. ஆணி காலி என்றால் ஆள் ஏதோ ஒரு மலையில்தான் இருக்கிறார். காலி ஆணியை முதலில் கண்டவள் நான்.

"ஏண்டி, நல்லாப் பாத்தியா?" என்று மாமாவின் மனைவி, என் அத்தை, மூன்று முறை கேட்டாள். பிறகு, "பாலைவனத்துக்கு யாராச்சும் கம்பளி கொண்டுபோவாங்களா? மூணாறுல எவளோ இருக்கா" என்று துணிகளை மூட்டை கட்டினாள். பள்ளங்கியில் அவளுடைய அம்மா வீடு.

"அவன் வரட்டும். ஒரு வார்த்த கேட்டுட்டுப் போ" என்று என் அம்மா தடுத்துவைத்தாள்.

பதினோராம் நாள் மாமா வந்தார். "அங்க ராத்திரிக் குளிரு நம்ம கிளாவரையத் தோக்கடிக்கும்" என்று ஸ்வெட்டரை உதறினார்; மணல் கொட்டியது. பையிலிருந்து ஒரு புகைப்படத்தை நீட்டினார். அடிவானம் வரை மணல், நடுவில் ஊரையே இறக்கிவைக்கக்கூடிய சுரங்கப் பள்ளம், அதன் விளிம்பில் ஸ்வெட்டரோடு மாமா வாய்விட்டுச் சிரிக்கிறார். நான் கைதட்டினேன். என் சாட்சியால் வந்த வழக்கு தீர்ந்தது என்ற நிம்மதி.

அத்தை படத்தை ஜன்னலோரம் கொண்டுபோனாள்.

"இத யாருங்க எடுத்தா?"

"வழியில போன யாரோ. கேமராவக் குடுத்தேன், எடுத்துத் தந்தாக."

"நீங்களும் பாயிண்டுக்குப் பாயிண்டு நின்னு எத்தன டூரிஸ்டுக்குப் போட்டோ எடுத்துக் குடுத்திருப்பீங்க. படம் எடுக்குற டிரைவரப் பாத்து யாராச்சும் இப்பிடிச் சிரிச்சிருக்காங்களா?"

மாமா ஸ்வெட்டரை இன்னொரு முறை உதறினார். இந்த முறை எதுவும் கொட்டவில்லை.

பாலைவனம் உண்மை, சுரங்கமும் உண்மை. பிறகும் அத்தை ஏன் மூட்டையோடு பஸ்ஸுக்கு நின்றாள் என்பது எனக்கு அன்று புரியவில்லை. பூண்டு அறுப்புக்குத் திரும்பி வந்தாள். படத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அதை எடுத்தவர் யார் என்பதை இன்றுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.