பாலத்துக்குக் கிடைத்த சீட்

இன்று காலை ஹவுரா போகும் பஸ்ஸில் ஒரு பொய் சொன்னேன்.

கையில் ஒரு அட்டைப்பெட்டி. அதற்குள், மூன்று மாதமாகத் தெர்மாகோலில் ஒவ்வொரு கல்லாகச் செதுக்கி வண்ணம் பூசிய கல் பாலம். ஹவுராவில் இருக்கும் நண்பரின் மாடல் விமானம் பறப்பதுபோல் அமைத்த காட்சியில், அதற்குக் கீழே வைப்பதற்காக எடுத்துப் போனேன்.

லேக் கார்டன்ஸ் ஸ்டாப் தாண்டியதும் கூட்டம் நெருக்கியது. "பெட்டி நசுங்கிடும், தள்ளி நில்லுங்க!" என்று பெங்காலியில் கத்தினேன்.

சீட்டில் இருந்த ஒரு பெண்மணி, "உள்ளே என்ன தாதா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டார்.

ஐம்பத்திரண்டு வயதில் பொம்மைப் பாலம் என்று சொல்ல வாய் வரவில்லை.

"மருந்து. அம்மா ஆஸ்பத்திரியில இருக்காங்க."

அவர் சட்டென்று எழுந்துகொண்டார். அப்போதுதான் பார்த்தேன், முட்டியில் பட்டை கட்டியிருந்தார். வேண்டாம் என்றேன், விடவில்லை.

"நீங்க உட்காருங்க. மருந்து பத்திரம்."

ஹவுரா வரை கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார். இறங்கும்போது பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டு, "அம்மாவுக்குச் சீக்கிரம் குணமாயிடும்" என்றார்.

அப்போதும் நான் உண்மையைச் சொல்லவில்லை. தலையை ஆட்டினேன்.

"அசல் கல்லாட்டமே இருக்குய்யா!" என்றார் நண்பர், தன் வீட்டில் பெட்டியைத் திறந்து பார்த்து. என்னால் அந்தப் பாலத்தைப் பார்க்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தன்னை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்ததற்குத் திட்டுவாள் என்று நினைத்தேன்.

"முட்டி வலியோட ஹவுரா வரைக்கும் நின்னுண்டே வந்தாளா?" என்று மட்டும் கேட்டாள்.

மாடல் கட்டும் நண்பர்களே, பஸ்ஸில் யாராவது கேட்டால் நீங்கள் என்ன சொல்வீர்கள்? தயவுசெய்து உண்மையை எழுதுங்கள்.